புதுத் தொட்டிக்குப் பழைய முகம்

எங்கள் வீட்டுக்கு நவராத்திரிக்கு வருகிறவர்கள் கொலுவைப் பார்த்துவிட்டு, சுண்டலை வாங்கிக்கொண்டு, காற்றாடப் பால்கனிப் பக்கம் போவார்கள். போனவுடன் ஒரு கேள்வி வரும். "இந்தத் துளசி மாடத்தை ஊரிலிருந்து எப்படிங்க கொண்டு வந்தீங்க? லாரியிலயா?"

நம் சங்கத்து அன்பர்களிலேயே நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். அந்த மாடம் பிறந்தது இதே பால்கனியில், இரண்டு பழைய அட்டைப் பெட்டிகளுக்குள். அதை முதலில் ஒருவரும் நம்புவதில்லை. நம்பிய பிறகு, "எப்படிச் செய்தீர்கள், எழுதிக் கொடுங்கள்" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. செய்முறையோடு, செய்து கெட்டுப்போனவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். கெட்டுப்போனவைதான் அதிகம்.

கும்பகோணத்துக்கு அருகே இருந்த எங்கள் பூர்வீக வீட்டை 2017-ல் விற்றோம். என் மாமியாரை, அதாவது அத்தையை, டெல்லிக்கு அழைத்து வந்தோம். மயூர் விஹாரில் மூன்றாவது மாடி வீடு. அத்தை அதற்கு முன் ஒரு வாரத்துக்கு மேல் மாடி வீட்டில் இருந்தவர் இல்லை. வந்த மறுநாள் காலை குளித்துவிட்டு, கையில் சொம்புத் தண்ணீரோடு பால்கனிக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தார். என்ன தேடுகிறார் என்று எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. அறுபது வருஷமாகத் துளசி மாடத்துக்குத் தண்ணீர் ஊற்றிய கை அது. நான் ஓடிப்போய் அருகிலிருந்த நர்சரியில் ஒரு துளசிச் செடி வாங்கி வந்தேன். செங்கல் நிறத்தில் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றினார். பிறகு, "விளக்கை எங்கே வைக்கிறது?" என்று கேட்டார்.

ஊரில் இருந்த மாடம் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. இரண்டடிச் சதுரம், மூன்றடி உயரம். கீழே விளக்குக்கு ஒரு மாடக்குழி. அதுபோல் ஒன்றைப் பால்கனியில் கட்டிவிடலாமா என்று என் கணவரிடம் கேட்டேன். அவர் அரசாங்கப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாரத்தைக் கணக்குப் போட்டே வாழ்ந்தவர். ஒரு காகிதத்தில் கிறுக்கிவிட்டு, "செங்கல் மட்டும் அரை டன்னைத் தாண்டும். அப்புறம் மாடம் இரண்டாவது மாடிக்காரர் வீட்டில் இருக்கும்" என்றார். விளையாட்டில்லை. பால்கனி என்பது சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பலகைதான். ஒரு கன அடி ஈரமண்ணே 40 கிலோவுக்குக் குறையாது. தொட்டி தொட்டியாக அடுக்குகிறவர்கள் இதை ஒருமுறை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் குடியிருப்புச் சங்கம் இதற்கென்றே ஒரு நோட்டீஸும் ஒட்டியிருந்தது.

சரி, கனமில்லாத தொட்டிக்கே பழைய முகம் கொடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். எனக்கு அப்போது பெயிண்ட் பற்றித் தெரிந்ததெல்லாம் கோலப்பொடிக்கு நிறம் கலப்பதுதான்.

அந்தப் பிளாஸ்டிக் தொட்டியின் மேலேயே சாம்பல் நிறப் பெயிண்டை அடித்தேன். காய்ந்ததும் கல்தொட்டி மாதிரியே இருந்தது. மே மாத வெயில் வந்தது. வெங்காயச் சருகு உரிகிற மாதிரி பெயிண்ட் உரிந்து, உள்ளேயிருந்து செங்கல் நிறம் சிரித்தது. காரணம் எளியது. பிளாஸ்டிக் வழுவழுப்பானது, எதையும் உறிஞ்சாது. பெயிண்ட் அதன்மேல் ஒட்டாமல் போர்த்திக்கொண்டுதான் இருக்கும். வெயிலில் பிளாஸ்டிக் விரிந்து சுருங்கும்போது போர்வை கழன்றுவிடும்.

ஆகவே பிளாஸ்டிக் தொட்டியென்றால் முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் காயவிடுங்கள். பிறகு உப்புத்தாளால், 120 நம்பர் போதும், பளபளப்புப் போகும்வரை தேய்க்க வேண்டும். பளபளப்பு இருக்கிற இடமெல்லாம் நாளைக்கு உரியப்போகிற இடம். பிறகு பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் பிரைமர் ஒரு பூச்சு. அதற்குமேல்தான் நிறம். அக்ரிலிக் பெயிண்டில் சலித்த மணலை ஒரு கைப்பிடி கலந்து குத்திக் குத்திப் பூசினால் கல்லின் சொரசொரப்பு வரும். இந்த முறையில் செய்த தொட்டிகள் மூன்று கோடையைத் தாங்கின. விளிம்பில் மட்டும் கொஞ்சம் உரிந்தது, அதைத் திருப்பிப் பூசிக்கொண்டேன்.

ஆனால் சொரசொரப்பு வந்ததே தவிர, பழமை வரவில்லை. பார்த்தால் புதிதாகப் பூசிய சுவர் மாதிரி இருந்தது. எங்கே தப்பு என்று எனக்குப் புரியவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லோதி தோட்டத்துக்குப் போயிருந்தோம். 15, 16-ஆம் நூற்றாண்டுக் கல்லறைக் கட்டடங்கள் நிற்கிற இடம் அது. 1936-ல் பூங்காவாகத் திறந்தார்கள். எத்தனையோ தடவை கட்டுசாதம் கட்டிக்கொண்டு போயிருக்கிறோம். அன்றைக்குத்தான் நான் கோபுரத்தைப் பார்க்காமல் கறையைப் பார்த்தேன். என் மகள், "அம்மா, எல்லாரும் போட்டோ எடுக்கிறாங்க, நீ ஏன் சுவத்துல மூக்கை வெச்சுக்கிட்டு நிக்கிறே?" என்று கேட்டாள்.

மூக்கை வைத்ததில் கிடைத்தது இதுதான். பழைய சுவரில் எந்த அழுக்கும் கண்ட இடத்தில் இருப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. மழைத் தண்ணீர் எங்கே வழிகிறதோ அங்கே மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடு. தூவானம் படாத இறவாணத்துக்கு அடியில் கல் வெளிறியே இருக்கிறது. தரையோடு ஒட்டிய ஒரு முழ உயரத்துக்கு ஈரம் ஏறி இறங்கிய வெள்ளை உப்பு. வெயில் படாத வடக்குப் பக்கத்து இடுக்கில் பச்சை. ஆளின் தோளும் கையும் உரசுகிற மூலைகளில் மட்டும் தேய்ந்து உருண்டை. நானோ தொட்டி முழுவதும் ஒரே மாதிரியாக அழுக்கைத் தடவி வைத்திருந்தேன். வயதான முகத்தில் கன்னத்தில் சுருக்கம் போட்டு, கண்ணோரத்தை விட்டுவிட்ட மாதிரி.

வீட்டுக்கு வந்து ஒரு தொட்டியை எடுத்து, அதன்மேல் சொம்பால் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் வழிந்த வழியைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டேன். கறுப்பும் பழுப்பும் கலந்த பெயிண்டைத் தண்ணீர் மோர் மாதிரி நீர்க்கக் கரைத்து, அந்த வழியில் மட்டும் ஒழுகவிட்டு, ஈரத் துணியால் ஒற்றி எடுத்தேன். பள்ளத்தில் தங்கியது, மேட்டில் போய்விட்டது. விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வெளிறவைத்தேன். அடிப்பாகத்தில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் ஓரத்தால் வெள்ளையை அங்கங்கே ஒற்றினேன். 90 ரூபாய்த் தொட்டி அது. எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் வந்து விரலால் தட்டிப் பார்த்தார். தட்டினால் பிளாஸ்டிக் குட்டை உடைந்துவிடும், அதற்கு மருந்து இல்லை.

மண் தொட்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பாடெல்லாம் பட வேண்டாம். உத்தம் நகரில் குயவர்கள் குடியிருப்பிலிருந்து வாங்கி வந்த தொட்டிகளுக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை. சுட்ட மண் தண்ணீரை உறிஞ்சி வெளியே கசியவிடும். தண்ணீர் ஆவியானதும் அதிலிருந்த உப்பு சுவரில் வெள்ளையாகப் பூத்துவிடும். எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீருக்கு இரண்டே கோடை போதும், தொட்டி பாட்டி காலத்துத் தொட்டியாகிவிடுகிறது. அவசரக்காரர்கள் சுண்ணாம்புத் தண்ணீரை வெளிப்பக்கம் பூசித் துடைத்துவிடலாம். மண் தொட்டியில் பெயிண்டை உள்பக்கம் அடித்து அதன் மூச்சை அடைக்காதீர்கள். அவ்வளவுதான் அதைப் பற்றி.

இடையில் எனக்குக் களிம்புப் பைத்தியம் பிடித்தது. தாமிரம் பச்சை பூத்த மாதிரித் தொட்டி செய்வது. அடர் பழுப்பு அடித்து, அதன்மேல் செம்பு நிற மெட்டாலிக் பெயிண்டை லேசாகத் தேய்த்து, காய்ந்ததும் வெளிர் நீலப்பச்சையைப் பள்ளங்களில் ஒற்றியெடுத்தால் அசல் களிம்பு. நான் பெருமையாக அத்தை முன் வைத்தேன். அத்தை உள்ளே போய்ப் புளி உருண்டையோடு வந்துவிட்டார். "ஏம்மா, இதை இவ்வளவு களிம்பு ஏற விடலாமா? வெள்ளிக்கிழமைக்குள்ள தேய்ச்சுடறேன்." அது பெயிண்ட் என்று விளக்கியதும் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆயுள் முழுவதும் களிம்பு ஏறாமல் பாத்திரத்தைக் காப்பாற்றியவரிடம், காசு கொடுத்துக் களிம்பு வாங்கி ஒட்டினேன் என்று எந்த மருமகளால் சொல்ல முடியும்?

துருவுக்கு அதைவிட மோசமான கதி. இங்கே வடநாட்டில் 'கனஸ்தர்' என்பார்கள், எண்ணெய் வருகிற பெரிய சதுர டின். அதன் பூச்சைக் கம்பி பிரஷ்ஷால் கீறி, வினிகரில் உப்புக் கரைத்துத் துணியால் நனைத்து நனைத்து வைத்தால் சில நாட்களில் அழகான செந்துரு பிடிக்கும். பிறகு கழுவிக் காயவைத்து, நிறமில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு அடித்தால் கையில் ஒட்டாது. நான் கழுவிக் காயவைத்த அன்று மத்தியானம் கபாடிவாலா வந்தான். அத்தை சைகையிலேயே பேரம் பேசி 20 ரூபாய்க்குப் போட்டுவிட்டார்.

இத்தனையும் விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தது. விளக்கு மட்டும் அப்படியே நின்றது. அத்தை ஒவ்வொரு சாயங்காலமும் அகலைத் தரையில், தொட்டிக்கு ஓர் அடி தள்ளி வைப்பார். பக்கத்தில் வைத்தால் பிளாஸ்டிக் இளகும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். தரையில் காற்று அணைக்கும். மறுபடி ஏற்றுவார். மூன்றாவது தடவை அணைந்தால், "போகட்டும்" என்று உள்ளே வந்துவிடுவார். அந்தப் 'போகட்டும்' எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டை விற்றபோதும் அதைத்தான் சொன்னார்.

அப்போதுதான் ஹைப்பர்டூஃபா என்ற ஒன்றைப் பற்றிப் படித்தேன். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். டூஃபா என்பது துவாரங்கள் நிறைந்த ஒருவகைச் சுண்ணாம்புக் கல். இங்கிலாந்தில் மலைச்செடி வளர்ப்பவர்கள் பழைய கல் தொட்டிகளைத் தேடித் தேடி வாங்கி அவற்றில் செடி வைத்தார்கள். கல் தொட்டிகள் கிடைப்பது அரிதானதும், 1930-களில் சிமெண்டில் இலேசான கலவை போட்டு அதே தோற்றத்தில் வார்க்கத் தொடங்கினார்கள். அவர்கள் கலந்தது சதுப்பு நிலத்துப் பீட் மண். நமக்கு அது எதற்கு, தேங்காய் நார்க்கழிவு இருக்கிறதே! 'கோகோபீட்' என்று கட்டியாக விற்கிறார்கள். நான் வாங்கிய கட்டியின் உறையில் 'பொள்ளாச்சி' என்று போட்டிருந்தது. அத்தையிடம் படித்துக் காட்டினேன். "நார் அங்கேயிருந்து வந்துடுச்சா!" என்றார்.

அளவு சொல்கிறேன். சிமெண்ட் 1 பங்கு, ஊறவைத்து உதிர்த்த நார்க்கழிவு ஒன்றரைப் பங்கு, பெர்லைட் ஒன்றரைப் பங்கு. பெர்லைட் என்பது பொரி மாதிரி வெள்ளையாக இருக்கும், நர்சரியில் கிடைக்கும். முதலில் உலர்ந்தபடியே கலந்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். பதம் கொழுக்கட்டைப் பதம். கையில் பிடித்து அழுத்தினால் பிடித்த பிடியில் நிற்க வேண்டும். விரலிடுக்கில் இரண்டு சொட்டுத் தண்ணீர் வரலாம், ஒழுகக் கூடாது. ரப்பர் கையுறை கட்டாயம். தூள் கலக்கும்போது மூக்கையும் கட்டிக்கொள்ளுங்கள். சிமெண்ட் தோலை அரிக்கும். நான் முதல் நாள் அலட்சியமாக இருந்துவிட்டு ஒரு வாரம் ரசம் சாதத்தைக் கரண்டியால் சாப்பிட்டேன்.

இரண்டு துண்டாகச் செய்தேன். கீழே ஒரு பீடம்: 16 அங்குலச் சதுரம், 15 அங்குல உயரம், உள்ளே பொள்ளல். மேலே ஒரு தொட்டி. பெரிய அட்டைப் பெட்டிக்குள் சின்ன அட்டைப் பெட்டி. நடுவே ஒன்றரை அங்குல இடைவெளி. இரண்டுக்கும் பிளாஸ்டிக் தாள் போர்த்தி, இடைவெளியில் கலவையைக் குத்திக் குத்தி இறக்க வேண்டும். வெளிப்பெட்டி பிதுங்காமல் சுற்றிலும் பழைய புடைவையால் இறுக்கிக் கட்டினேன். தொட்டியின் அடியில் தண்ணீர் போக ஒரு துண்டு குழாயைச் செருகி வைத்தேன். ஒரு நாள் மூடி வைத்து, அட்டையைப் பிரித்தால் கலவை கெட்டியாகி, ஆனால் இன்னும் இளசாக இருக்கும். இந்த ஒரு நாள்தான் முக்கியம். பழைய சமையல் கத்தியாலேயே செதுக்கலாம். கூர் மூலைகளை மழுக்கினேன். பீடத்தின் முன்பக்கத்தில் வளைவாக ஒரு மாடக்குழி வெட்டினேன். வளைவு கொஞ்சம் கோணல்தான். கொத்தனார் வெட்டியதும் கோணல்தான் என்று கணவர் சான்றிதழ் கொடுத்தார்.

அதன்பின் மூன்று வாரம் ஈரச்சாக்கும் பிளாஸ்டிக் தாளும் சுற்றிக் காயாமல் வைத்தேன். பிப்ரவரியில் தொடங்கியதால் வெயிலின் தொல்லை இல்லை. பிறகு தண்ணீரை நிரப்பி நிரப்பி மாற்றினேன். புது சிமெண்டிலிருந்து இறங்கும் காரம் வேருக்கு ஆகாது. அதற்கும் பயந்து, துளசியை நேரே அதில் நடாமல் ஒரு மண் தொட்டியில் நட்டு உள்ளே இறக்கினேன். இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. டெல்லி ஜனவரியில் துளசி கருகுவது நமக்கெல்லாம் தெரியும். இரவில் உள்தொட்டியை மட்டும் தூக்கி அறைக்குள் வைத்துவிடலாம். எல்லாம் சேர்த்து ஒரு ஆள் பால்கனியில் நிற்கிற எடைதான். கணவர் தராசில் நிறுத்த பிறகே அனுமதி கொடுத்தார்.

பழமைக்கு வருகிறேன். இந்த முறை பெயிண்டே தொடவில்லை. ஊர் மாடம் எப்படிப் பழசாயிற்றோ அதே வரிசையில் போனேன். அடியில் செங்கல். அதற்கு, குயவர்கள் தொட்டிக்குப் பூசுகிற 'கேரு', நம் காவிதான், கரைத்து முழுவதும் ஒரு பூச்சு. அதன்மேல் சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பை இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பால் பதத்தில் எடுத்துக்கொண்டு, சுவரை முதலில் தண்ணீரால் நனைத்துவிட்டு மெல்லிசாகப் பூச வேண்டும். பூசும்போது ஒன்றுமே தெரியாது. ஏமாந்து கனமாகப் பூசிவிடாதீர்கள். காயக் காயத்தான் வெளுக்கும். காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடி கல்லாகிறது, அதனால்தான் கையில் ஒட்டாமல் நிற்கிறது. நீலம் போடவில்லை. நீலம் போட்டால் பொங்கலுக்கு அடித்த புது வெள்ளையாகிவிடும். சுண்ணாம்பு கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

மூன்று பூச்சு ஆனபின் அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். கம்பி பிரஷ் என் கையில். "காரை எங்கே பெயர்ந்திருக்கும் அத்தை?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "கிழக்கு மூலையிலே. மாடு கட்டுற கயிறு உரசும்." கிழக்கு மூலையைத் தேய்த்தேன், காவி தெரிந்தது. "முன்னாடி அடியிலே. தண்ணி ஊத்துறப்போ சொம்பு இடிக்கும்." அங்கேயும் தேய்த்தேன். "தெக்குப் பக்கம் ஒரு கீறல். உன் வீட்டுக்காரர் சின்னப் பையனா இருந்தப்போ ஆணியால பேர் எழுதிப் பார்த்தான்." இது எனக்குப் புதுச் செய்தி. கணவர் அந்த நேரம் பார்த்துப் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். ஆணியைக் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்தேன். அந்த ஓர் எழுத்து இன்றைக்கும் அங்கே இருக்கிறது.

தொட்டி மண்ணைக் கரைத்து, தெளிவை மட்டும் தண்ணீர் வழிகிற பக்கம் பூசித் துடைத்தேன். துவாரங்களில் மண் தங்கிவிட்டது. பாசிக்கு மோர் பூச வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் சுரண்டிய பாசியை மோரோடு அடித்து ஏப்ரலில் பூசினேன். பாசி வரவில்லை, ஈ வந்தது. மூன்றாம் நாள் கீழ்வீட்டிலிருந்து ஆள் வந்தார்கள். பாசிக்கு வேண்டியது ஈரமும் நிழலும். மோர் ஒட்டவைக்கும், அவ்வளவே. புதுச் சுண்ணாம்பின் காரமும் அதற்கு ஆகாது. ஜூலையில், மழை பிடித்தபின், நிழல் பக்கத்தில் மட்டும் மறுபடி பூசினேன். ஆவணிக்குள் அடியில் பச்சை ஓடிவிட்டது.

எல்லாம் முடிந்ததும் மாடக்குழிக்குள் கறுப்பு அடிக்க பிரஷ்ஷை எடுத்தேன். ஊர் மாடத்தில் அது கரியேறிக் கறுப்பாக இருந்தது எனக்கே நினைவிருக்கிறது. அத்தை கையைப் பிடித்துக்கொண்டார். "அதை நீ பூசாதே. அது விளக்கு செய்ற வேலை." ஒரு சின்ன ஓட்டுத் துண்டைக் குழிக்குள் வைத்து, அதன்மேல் அகலை வைத்தார். காற்று அணைக்கவில்லை.

கார்த்திகைக்குள் குழியின் மேல்வளைவு பழுப்பேறி, தை பிறப்பதற்குள் கறுத்துவிட்டது. ஒருநாள் வீட்டு வேலைக்கு வருகிற பெண், பாவம், நல்ல எண்ணத்தில் பாத்திரம் தேய்க்கும் பொடியும் நாருமாக அதன்முன் உட்கார்ந்துவிட்டாள். நான் சமையலறையில் இருந்தேன். பால்கனியிலிருந்து அத்தையின் குரல் கேட்டது. இரண்டு வருஷமாக டெல்லியில் ஒரு வார்த்தை ஹிந்தி பேசாமல் சைகையிலேயே காலம் தள்ளியவர், அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார்:

"மத் போஞ்சோ! மத் போஞ்சோ!"